நர்ஸம்மா இறைத்த தண்ணீர்

கிணற்றில் வாளி விழுந்த சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. நல்ல நடுப்பகல். பின்கட்டு அறையில் நான் பாயில் கிடக்கிறேன். குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் அழவில்லை. நர்ஸம்மா வாசலைத் தாண்டி ஓடினார். உடனே அந்தச் சத்தம். அதைத் தொடர்ந்து என் மாமியாரின் அலறல். குழந்தைக்காக அலறுகிறார் என்றே நினைத்தேன்.

வருஷம் ஐம்பத்திரண்டோ, ஐம்பத்து மூன்றோ. நாகர்கோவிலுக்கு மூன்று மைல் தள்ளி, வயலும் குளமுமான ஊர். எங்களுடையது சைவமும் சுத்தமும் பேசுகிற விவசாயக் குடும்பம். சர்க்கார் அனுப்பிய நர்ஸம்மாவோ பக்கத்து ஊர்ச் சேரியில் பிறந்து படித்து வந்தவர். பேறுகால அறையே தீட்டு என்பதால் அங்கே அவர் என்னைத் தொடலாம். வயிற்றில் கை வைக்கலாம், ரத்தத்தைத் துடைக்கலாம். கிணற்றைத் தொடக் கூடாது. அவர் கை பட்ட குடமும் கிணற்றடிக்குத் திரும்பக் கூடாது. இதெல்லாம் எனக்கு அன்று விசித்திரமாகவே படவில்லை.

அன்று அறைக்குள் வந்த ஒரு குடம் தண்ணீர் எனக்கே தீர்ந்துவிட்டது. குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. நர்ஸம்மா வாயைத் துடைத்தார், முதுகில் தட்டினார், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். மூச்சில்லை. வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்குவது அந்தக் கால வைத்தியம். வெந்நீர் இருந்தது.

"பச்சவெள்ளம் கொண்டாங்கம்மா, சீக்கிரம்" என்று மூன்று முறை கத்தினார்.

மாமி அடுக்களையில் குடம் தேடிக்கொண்டிருந்தார். "ஏட்டி, வெங்கலக் குடத்த எடுக்காத. அந்த நெளிஞ்ச குடம் எங்க கிடக்கு?" என்று நாத்தனாரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. மாமி கெட்டவர் இல்லை, இந்தப் பிள்ளைக்காக விரதம் கிடந்தவர். எந்தக் குடத்தை இழக்கலாம் என்ற யோசனை பிள்ளையை முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

நர்ஸம்மா இறைத்து வந்த தண்ணீரில்தான் என் மகன் அழுதான். மூன்று நாள் கிணற்றை இறைத்துக் கொட்டினார்கள். அதே தண்ணீரில் முங்கியெழுந்தவனை மட்டும் மடியில் வைத்துக் கொஞ்சினார்கள்.

எனக்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கும். நர்ஸம்மா தினமும் வந்து பார்த்தார். பதினாறாம் நாள் தலைமுழுகித் தீட்டுக் கழித்தேன். மறுநாள் என் கணவர் சர்க்காருக்கு எழுதிய ஒரு மனுவோடு வந்தார். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நர்ஸம்மா திமிரால் கிணற்றைத் தொட்டார் என்று அதில் எழுதியிருந்தது.

"பெத்தவ கையெழுத்து இல்லேன்னா மனு நிக்காது" என்றார்.

"அவங்க இல்லேன்னா பிள்ளயே இல்லியே."

"அது அவ வேல. கிணறு நம்மது. அப்பா ஊருல தல நிமிந்து நடக்காண்டாமா?"

போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

அந்த மகன் கல்லூரியில் சமூகவியல் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டான். ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிலம், சாதி, அதிகாரம் என்று அடுக்குவான். எல்லாம் சரிதான். அவன் அம்மாவின் பேனாவும் அதில் உண்டு என்று நான் இதுவரை வாய் திறக்கவில்லை. வெட்கம்தான், வேறென்ன.

நர்ஸம்மாவை மணவாளக்குறிச்சிப் பக்கம் மாற்றினார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் பின்வாசலில் வந்து நின்றார். பிள்ளையைத் தூக்கிவந்து தள்ளி நின்று காட்டினேன்.

"மனுவ எங்கிட்டயும் காட்டினாங்கம்மா" என்றார். "கையெழுத்து கொஞ்சமும் நடுங்கல. ரத்தம் ஊறிட்டு இருக்குன்னு நெனச்சேன்."

குத்திக் காட்டுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தீட்டுக் கழிந்துவிட்டதால் இனி அவர் என்னைத் தொடக் கூடாது.

"கீழ் இமைய நீங்களே கொஞ்சம் இழுத்துக் காட்டுங்கம்மா. செவந்திருக்கான்னு பாத்துட்டுப் போயிருதேன்" என்றார்.

இழுத்துக் காட்டினேன்.