சோளக்காட்டு ஜமால் பாயின் ரோஸ் கிண்ணம்

ஜமால் பாய் இறந்துவிட்டார். காலையில் டீ குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், அப்படியே...

செல்லம்மா அக்காதான் போன் செய்தார். சோளக்காட்டுச் சந்தையில் பாய்க்குப் பக்கத்தில் மிளகு விற்கிற தேவனூர் நாட்டு அக்கா; மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. "சார், நம்ம பாய் போயிட்டாருங்க" என்றார்.

"சரிங்கக்கா" என்றேன்.

நான் இங்கே மலையில் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். மாத்திரைகளைக் கவரில் போட்டுக்கொண்டே இருந்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாய் சந்தை நாளில் அடிவாரத்திலிருந்து மினி லாரியில் பழைய சாமான் கொண்டுவருவார். ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து பூட்டு, லாந்தர், தராசு... ஒரு மூலையில் கலர் கண்ணாடி. அச்சில் ஊற்றி அழுத்திச் செய்த தட்டு, கிண்ணம், கப். எனக்கு அந்த மூலை போதும்.

முதல் தடவை தேன் கலர் தட்டு ஒன்றை எடுத்து, "இது பழசா பாய்?" என்று கேட்டேன்.

"நான் சொன்னா நம்புவீங்களா? திருப்பிப் பாருங்க சார்."

அடியில் பொடிப்பொடியாகக் கீறல்கள், கண்டபடி ஓடின. "வருசக்கணக்கா மேசையில இழுத்து வச்சதுங்க. உப்புத்தாள்ல தேய்ச்சுப் பழசாக்குனா கோடெல்லாம் ஒரே பக்கமா ஓடுமுங்க" என்றார்.

அப்புறம் நான் ஒரு லைட் வாங்கினேன். கள்ளநோட்டு பார்ப்பார்களே, அது. சில பழைய பச்சைக் கண்ணாடியில் யுரேனியம் கலந்திருக்கும், அந்த லைட்டில் ஒளிரும் என்று படித்திருந்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. லாரி மூடுகிற தார்ப்பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்தோம்.

"ஏனுங்க பாய், ரெண்டு பேரும் உள்ள என்னங்க பண்றீங்க?" வெளியே செல்லம்மா அக்கா.

ஒரேயொரு ஐஸ்கிரீம் கப் மட்டும் பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தது. பாய் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இத்தன நாளா இதுலதானுங்க நட்டு போல்ட்டு போட்டு வச்சிருந்தேன்" என்றார்.

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பாயிடம் மூடி போட்ட ரோஸ் கலர் கண்ணாடிக் கிண்ணம் வாங்கினார். பழசு என்று சொல்லித்தான் பாய் கொடுத்தார். அவர் அதைப் படம் எடுத்து, பழைய கண்ணாடி சேகரிக்கிற எங்கள் ஆன்லைன் குரூப்பில் போட்டார். அடியில் ஒரு கீறல் இல்லை, பூ வேலைப்பாடு புதுசு மாதிரி கூர்மையாக இருந்தது. "இது புதுசு. ஏமாந்துவிட்டீர்கள்" என்று எழுதினேன். போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு.

அடுத்த சந்தையில் அவர் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். என்னையும் சேர்த்துப் பத்துப் பேர் பார்க்க, "பழசுன்னு சொல்லி ஏமாத்துறீங்களா?" என்று சத்தம் போட்டார். பாய் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டார்.

அவர் போனதும் நான் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். மூடி உட்காருகிற விளிம்பு தேய்ந்து மழுங்கியிருந்தது. எத்தனையோ வருடம் திறந்து மூடிய தேய்மானம். அடியில் சுற்றிலும், சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற பழைய பசைக் கறை. கம்பளித் துணி ஒட்டி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் கீறல் இல்லை.

"பாய், இது பழசுதான். நான் தப்பா எழுதிட்டேன்."

"போட்டோல விளிம்பு தெரியாதுங்களே சார்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் கேட்டார். "அதுல மாத்தி எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேன் பாய்" என்றேன்.

எழுதவில்லை. போட்டதை அழித்தேன், அவ்வளவுதான். குரூப்பில் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது... அது போய்விடும் என்று நினைத்தேன்.

சேலத்திலிருந்து கண்ணாடி பார்க்க வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பாய் கண்ணாடியைக் குறைத்து, பிளாஸ்டிக் பக்கெட் கொண்டுவர ஆரம்பித்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. டீ மட்டும் எப்போதும் போல எனக்கும் சேர்த்தே சொன்னார்.

அந்தக் கிண்ணத்தை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை கேட்டேன். "வேணாங்க, இருக்கட்டும்" என்றார்.

ஒரு நாள் அது இல்லை.

"பெரக்கரை நாட்டுல இருந்து ஒரு அம்மா, மகளுக்கு வளையல் போட்டு வைக்கக் கேட்டாங்க. குடுத்துட்டேன். அவங்க பழசா புதுசான்னே கேக்கலீங்க" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

அது பழசு. ஜமால் பாய் சொன்னது சரி, நான் எழுதியது தப்பு. அந்த குரூப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அங்கேயும் போட்டுவிடுங்கள். நானும் போடுகிறேன்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். லீவு சொல்லிவிட்டு மலையிலிருந்து அடிவாரத்துக்கு பஸ்ஸில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்டில் செல்லம்மா அக்கா.

வாரேன் பாய்.