புஷ்பம் என்று ஒரு புயல்

1. பேர் வைத்தது

எழுபதுகளில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் எழுந்தால் எங்கள் மலையிலும் மரம் சாயும், கம்பி அறும். அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் புயல்களுக்குப் பேர் கிடையாது. ஒன்றின் சேதத்தைச் சரிசெய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். "புயல்ல சாஞ்ச போஸ்ட்" என்று போனில் சொன்னால் எந்தப் புயல் என்று தெரியாது. ஒருமுறை லைன்மேன்கள் பழைய போஸ்டைத் தேடிப் போய்விட்டார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரி பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்தது.

அசிஸ்டெண்ட் மானேஜர் கோட்டயத்துக்காரர். "அமெரிக்காவில புயலுக்குப் பெண்ணுங்க பேரு வைப்பாங்க. அதே பேரு சில வருஷம் கழிச்சுத் திரும்பி வரும். நாமும் வைக்கலாமே" என்றார்.

லைன்மேன்கள் சிரித்துக்கொண்டே தங்கள் மனைவிமார் பேரைக் கொடுத்தார்கள். பேச்சி, செல்லம்மா, புஷ்பம். முடிந்ததும் மறுபடி பேச்சி. "பேச்சி சாய்ச்ச போஸ்ட் முடிஞ்சுது, செல்லம்மா அறுத்த கம்பி பாக்கி" என்று சொன்னால் போதும், குழப்பமே இல்லை.

2. பேரை எடுக்க வந்தவள்

புஷ்பம் இரண்டாம் சுற்றில் வந்தபோது கீழ் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றின் மேல் ஒரு பெரிய மரம் விழுந்தது. உள்ளே இருந்த சண்முகம் என்ற தொழிலாளி இறந்துபோனார்.

"புஷ்பம் ஒரு ஆளக் கொண்டுபோயிட்டா." எஸ்டேட் முழுக்க இதே பேச்சு. பேருக்குரிய புஷ்பம், லைன்மேன் அந்தோணியின் மனைவி, கொழுந்து எடுப்பவள். மலையில் அவளுக்குப் பக்கத்துத் தேயிலைச் செடி நிரையில் நிற்கப் பெண்கள் தயங்கினார்கள். அவள் வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டு, ஒருநாள் ஆபீசுக்கு வந்தாள்.

"சார், எம் பேர எடுத்துருங்க."

அசிஸ்டெண்ட் மானேஜர் சமாதானம் சொன்னார். "பெரிய நாசம் செஞ்ச பேரை அங்கயும் திரும்ப வைக்க மாட்டாங்க. ஒதுக்கிடுவாங்க. இதையும் ஒதுக்கிடலாம்."

அவள் யோசித்தாள். "அப்ப இனிமே வேற புயலுக்கு எம் பேரு வராது. புஷ்பம்னா இந்த ஒரு புயல்தான்னு ஆயிரும்லா சார்?"

 

3. காரிய வீட்டில்

சண்முகத்தின் காரியத்துக்கு ஆபீசிலிருந்து நாங்கள் போயிருந்தோம். புஷ்பமும் வந்து வாசலோடு நின்றுவிட்டாள். "புஷ்பம் வந்திருக்கா" என்று யாரோ முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

சண்முகத்தின் மனைவி காளியம்மாள் தலைநிமிர்ந்தாள்.

"உள்ள வா புஷ்பம். காத்துக்கு எவ பேர வச்சா எனக்கென்ன?" பிறகு எங்களைப் பார்த்தாள். "புஷ்பம் வந்துச்சு, புஷ்பம் அடிச்சுச்சுன்னே எல்லாரும் பேசுறீக. செத்தது எம் புருசன். சண்முகம்னு அவருக்கும் ஒரு பேரு இருந்துச்சு. அத ஒருத்தர் வாயிலயும் நான் கேக்கல."

புஷ்பம் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் வேலைக்கும் வந்தாள்.

அதோடு புயலுக்கு வைத்த மூன்று பேர்களையும் விட்டுவிட்டோம். சேதம் நடந்த இடத்தை வைத்தே பேசினோம். போனில் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடித்தது.

இப்போது நம் கடல் புயல்களுக்கும் பேர் உண்டு. ஒரு பேர் ஒருமுறைதான். நல்ல ஏற்பாடு. சேதச் செய்தி சொல்லும் வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த ஆளின் பேரை முதலில் சொல்லுங்கள். புயலின் பேரை அப்புறம் சொல்லலாம்.