படம் இல்லாத இடத்துச் சத்தம்

இன்று காலை எங்கள் வீட்டு டிவியில், நேற்றுப் பதிந்து வைத்த சீரியலில் ஒருத்தி முதலில் வாயைத் திறந்தாள். அழுகை பின்னால் வந்தது. "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் சரி பண்ணுனியள்லா, இதையும் பாருங்களேன்" என்றாள் மனைவி. ரிமோட்டை எடுக்கக் கை வரவில்லை. ஏனென்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

தென்காசியில் எனக்கு ஒரு கடை இருந்தது. செட்டாப் பாக்ஸ், பென் டிரைவ், பதிவு என்றால் என்னிடம்தான் வருவார்கள். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள். கெடுத்துக் கெடுத்துக் கற்றது. சாரல் தொடங்கினால் எனக்கும் சீசன். கம்பத்து கேபிள் ஒட்டுகளில் தண்ணீர் இறங்கும். படம் அங்கங்கே அறுந்துபோகும், சத்தம் மட்டும் ஓடும். அப்படிப் பதிந்ததைத் திரும்பப் போட்டால், அறுந்த ஒவ்வோர் இடத்திலும் படம் சத்தத்தைக் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

அப்படி ஒரு பதிவோடுதான் அச்சன்புதூர் அக்கா வந்தார். அவர் கணவர் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அந்த சீசன் முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். உள்ளூர் சேனலில் வந்த அவருடைய பேட்டியை அக்கா பதிந்து வைத்திருந்தார்.

"அவிய வாய் செங்கோட்டைக்குப் போயிட்டு தம்பி, சத்தம் இன்னும் தென்காசிலயே கெடக்கு."

"நாளைக்கு வாங்கக்கா, ரெண்டையும் ஒரே பஸ்ல ஏத்தி விட்டுருதேன்."

சிரித்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அறுந்த இடத்தில் கறுப்புத் திரையை ஒட்டியிருந்தால் போதும். எனக்கோ அதிமேதாவித்தனம். படம் இல்லாத இடத்துச் சத்தம் எதற்கு என்று வெட்டி எறிந்தேன். வெட்டிய துண்டுகளைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் எடுத்து வைக்கவுமில்லை. பென் டிரைவில் இடம் போதவில்லை. பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன்.

மறுநாள் அக்கா நின்றபடியே முழுவதும் பார்த்தார். "வாய் பொருந்திட்டு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த எண்ணெய்ப் பேச்சு எங்க தம்பி?"

"எந்தப் பேச்சுக்கா?"

"'எண்ணெய் காச்சுதது எங்க வீட்டுல. எல்லாம் அவ கைப்பக்குவம், நான் சும்மா தேய்க்கேன்'னு சொல்லுவாவல்லா? வீட்ல ஒருநாளும் சொன்னதில்ல. அங்கன படம் வராது, சத்தம் மட்டுந்தான். நான் கண்ண மூடிட்டுக் கேப்பேன்."

அழித்ததை மீட்க என்னென்னவோ செய்து பார்த்தேன். அதன் மேலேயே புதியது ஏறியிருந்தது. சேனலுக்கு ஓடினேன். "அதையெல்லாம் அன்னைக்கே அழிச்சிருவோம் அண்ணாச்சி" என்றார்கள்.

"வேணும்னேவா செஞ்சிய, விடுங்க" என்று பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை தொங்குகிறது. அந்த சேனலும் இல்லை. எண்ணெய்ப் பேச்சு மட்டும் வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது, அக்காவின் குரலில். அவர் கணவர் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.