தட்டுற இடம்

ஊரில் பாதிப் பேர் காசில்தாவை இங்கிலீஷ்காரி என்றுதான் சொன்னார்கள். அவள் இங்கிலாந்தைக் கண்ணால் கண்டதில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆலிவ் மரமே தெரிகிற அந்தத் தென் ஸ்பெயின் ஊரில், கூலிக்கு மரத்தைக் கம்பால் அடித்து ஆலிவ் காய் உதிர்த்துப் பிழைத்த ஃபெர்மினின் இளைய மகள் அவள். கிரனாதா பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடம் ஆங்கில மொழியும் இலக்கியமும் படித்தாள். பிறகு பெட்டியோடு பழைய வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த நாளில் அவிழ்த்து வைத்த பெட்டி, கட்டில் அடியில் அப்படியே கிடந்தது.

பிழைப்புக்கு அவளிடம் இருந்தது அந்த ஆங்கிலம் ஒன்றுதான். சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். ஊருக்கு வெளியே பழைய பண்ணை வீடுகளை வாங்கிக் குடியிருக்கும் இங்கிலாந்துக் கிழவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடப் போய் மொழிபெயர்த்தாள். ஆயிரம் வருடத்துப் பழைய ஆங்கிலக் கவிதையை வரி வரியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவள், டாக்டர் எதிரே உட்கார்ந்து டெரிக் என்ற கிழவருடைய மலச்சிக்கலை ஸ்பானிஷில் விவரித்துக்கொண்டிருப்பாள்.

"அவ்வளவு படிச்சது இதுக்குத்தானா?" என்பார் அக்கா புருஷன் ரமிரோ. மதுக்கடையில் நாலு பேருக்கு நடுவில்தான் அவருக்கு இந்தச் சந்தேகமெல்லாம் வரும். "எங்க வீட்டு இங்கிலீஷ்காரிக்கு இங்கிலாந்து ராணியை விட நல்லா இங்கிலீஷ் வரும். ராணிக்கு வேலை இருக்கு. இவளுக்கு இல்லை, அதான் வித்தியாசம்."

அவளுக்கு வேண்டியிருந்ததும் அந்த வேலைதான். அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அதற்கான போட்டித் தேர்வு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும். ஒரு வேலைக்கு இருபது பேர் எழுதுவார்கள். மொழியும் இலக்கியமுமாக அறுபத்துச் சொச்சம் தலைப்பு. ஒவ்வொன்றையும் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்ய வேண்டும். தேர்வு அன்றைக்குத் துணிப்பைக்குள் கைவிட்டு எண் போட்ட உருண்டைகளை எடுப்பார்கள். வந்த தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து இரண்டு மணி நேரத்தில் எழுத வேண்டும். எழுதியதை உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். சில நாள் கழித்து, தேர்வுக் குழுவுக்கு முன்னால் உறையைப் பிரித்து, எழுதியவரே தன் தாளை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். தாளில் இருப்பதைத் தவிர ஒரு சொல் கூட வாயிலிருந்து வரக்கூடாது.

காசில்தா ஐந்து முறை எழுதிவிட்டாள். இரண்டு முறை அரை மார்க்கில் போயிற்று. இது ஆறாவது. இதிலும் வராவிட்டால் முதியோர் இல்லத்தில் ஆயா வேலைக்குப் போவதாக அக்கா எர்மினியாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். எர்மினியா அங்கே பேசியும் வைத்துவிட்டாள்.

அவளுக்குப் பாடம் கேட்டது அப்பாதான். மரங்களுக்குப் பூச்சிமருந்து தெளித்தே நுரையீரல் போய்விட்டது ஃபெர்மினுக்கு. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, கணப்பு வைத்த மேசையின் கீழே கால்களை நீட்டிக்கொண்டு, கேக் வேகும்போது முடுக்கி வைக்கிற சின்ன மணிக்கடிகாரத்தைக் கையில் பிடித்திருப்பார். ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அவள் ஒரு தலைப்பைச் சொல்லி முடிக்கும் வரை கண்ணை மூட மாட்டார்.

பழைய ஆங்கிலக் கவிதை பற்றிய தலைப்பை முதன்முதலில் ஒப்பித்த அன்று அவர் நடுவில் கையைத் தூக்கினார்.

"இரு, இரு. இதென்ன, பாதிரியார் செபம் சொல்ற மாதிரி?"

"ஆயிரம் வருஷத்துப் பாட்டுப்பா. அப்போ இங்கிலீஷ் இப்படித்தான் இருந்துச்சு."

"என்ன சொல்றான்?"

"பனிக்காலத்துல கடல்ல தனியாப் போறான். கூட்டாளிங்க எல்லாரும் செத்துட்டாங்க. அதைச் சொல்லி அழறான்."

"நீ ஏன் மேசையைத் தட்டுறே?"

"வரிக்கு நாலு தட்டு வரணும். ரெண்டு. ஒரு மூச்சு. அப்புறம் ரெண்டு."

ஃபெர்மின் விரல் முட்டியால் மேசையில் தட்டிப் பார்த்தார். இரண்டு. நின்றார். இரண்டு.

"அடப் பாவி, இது கம்படிக்கிற கணக்குல்ல! ரெண்டு அடி, காய் விழுதான்னு ஒரு பார்வை, ரெண்டு அடி. உன் கடல்காரன் நம்ம ஆளுதான் மவளே."

அன்றிலிருந்து அந்தத் தலைப்பு வந்தாலே அவர் கை மேசைமேல் ஏறிவிடும். அவள் சொல்லச் சொல்ல அவர் தட்டுவார். எப்போதாவது நேரம் போதாமல் அந்தப் பத்தியை அவள் தாண்டிப் போனால், "தட்டுற இடம் எங்கே? களவாணி, தட்டுற இடத்தை முழுங்கிட்டியே!" என்பார். பிறகு இருமுவார். இருமி முடியும் வரை அவள் கடிகாரத்தை வாங்கி நிறுத்தி வைப்பாள்.

தேர்வு ஜூன் மாதம் ஹாயென் நகரத்துப் பள்ளி ஒன்றில். ஜன்னல்களைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். காசில்தாவுக்குப் பக்கத்து மேசையில் அராசெலி என்பவள். இரட்டைப் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். இதற்கு முன் இரண்டு தேர்விலும் இருவரும் சந்தித்ததுண்டு. விசிறியை மாறி மாறி வீசிக்கொண்டார்கள்.

"இதுல ஊத்திக்கிச்சுன்னா என் புருஷன் என்னைக் கூப்பிட்டுப் போக வரமாட்டான். பஸ்ஸுலதான் போகணும்" என்று அராசெலி சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

குழுத் தலைவி தோஞா லியோனோர் பையை ஆட்டிவிட்டு, "யாராவது ஒருத்தர் வந்து எடுங்க" என்றாள். யாரும் நகரவில்லை. கடைசியில் அராசெலி எழுந்தாள். "ராசியில்லாத கை. அப்புறம் யாரும் என்னைத் திட்டக்கூடாது" என்றாள்.

அவள் எடுத்த மூன்றாவது உருண்டை பழைய ஆங்கிலக் கவிதை.

காசில்தா தாளை இழுத்துக்கொண்டாள். எழுதத் தொடங்கினாள். முன்னுரையில் ஆசைப்பட்டு அதிகம் எழுதிவிட்டாள். ஐந்தாவது பக்கம் முடிகிறபோது குழுச் செயலாளர் தோன் ஹினேஸ் "பத்து நிமிஷம்" என்றார். மிச்சம் இருந்தது நிறைய. எதையாவது விட்டாக வேண்டும். தாளமும் தட்டும் பற்றிய பத்தியை விட்டாள். அது இல்லாவிட்டால் மார்க் ஒன்றும் குறையாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறாவது பக்கத்தில் நேரே முடிவுரைக்குப் போய், மணி அடிப்பதற்குள் கையெழுத்தைப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ஃபெர்மின் படுக்கையில் இருந்தார். இரண்டு நாளாக அவர் எழுந்திருக்கவில்லை.

"வந்துடுச்சுப்பா. உங்க கடல்காரன் வந்துட்டான்."

அவர் முகம் மலர்ந்தது. பேச மூச்சு சேர்க்க வேண்டியிருந்தது. அவள் காத்திருந்தாள்.

"தட்டுற இடத்தையும் எழுதுனியா?"

"எழுதினேன்பா."

"முழுசா?"

"முழுசா."

அவர் விரலைப் போர்வைமேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். மற்ற இரண்டைத் தட்டவில்லை, தூங்கிவிட்டார். வியாழக்கிழமை செத்துப்போனார். வெள்ளிக்கிழமை, சுவரில் அறை அறையாகக் கட்டிய கல்லறையில் வைத்து அடைத்தார்கள். கொத்தனார் சாந்து பூசுகிற சத்தத்தைக் காசில்தா கேட்டுக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. வந்திருந்த பெண்கள் அதைக் கவனித்தார்கள்.

"நாளைக்குத் தாளைப் படிக்கப் போறியா?" என்று ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கேட்டாள் எர்மினியா.

"போகாம?"

"அப்பா செத்து மூணு நாள்தான் ஆகுது, காசில்தா. ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு என்னைக்கு நல்லதாச் சொல்லிச்சு, அக்கா?"

திங்கட்கிழமை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். அப்பா இறந்ததைக் குழுவிடம் சொல்லவில்லை. சொன்னால் இரக்கத்துக்காகச் சொன்ன மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். பின் வரிசையில் தங்கள் முறைக்காகக் காத்திருந்த சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அராசெலியும் இருந்தாள். தலையை ஆட்டி வாழ்த்துச் சொன்னாள்.

தோன் ஹினேஸ் கத்தரிக்கோலால் உறையை வெட்டித் தாளை அவள் கையில் கொடுத்தார். பிறகு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேலாக வரிகளைப் பின்தொடர்ந்தார்.

அவள் நன்றாகப் படித்தாள். குரல் அவளுக்கே பிடித்திருந்தது. தோஞா லியோனோர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், அது நல்ல அறிகுறி. முதல் பக்கம், இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது பக்கத்தின் கடைசி வரி வந்தது. தாளைத் திருப்பினாள். வாய் நிற்கவில்லை.

யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அவளுக்குக் கேட்டது. இரண்டு. பிறகு இரண்டு. யார் இந்த நேரத்தில் என்று நினைத்தாள். கீழே பார்த்தபோது தட்டிக்கொண்டிருந்தது அவளுடைய விரல் முட்டி. கடலில் தனியாகப் போகிறவனின் வரிகள் அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவள் நிறுத்தினாள்.

தோள் பக்கத்தில் தோன் ஹினேஸின் விரல் தாளின்மேல் அசையாமல் நின்றிருந்தது. அவர் தலைவியைப் பார்த்தார். தலைவி குனிந்தபடியே, "ம்... தொடருங்க" என்றாள் அவசரமாக. தோன் ஹினேஸ் எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். வேறு யாரும் பேசாமல் இருந்திருந்தால் அதோடு கடந்து போயிருக்கும்.

"மன்னிக்கணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அராசெலி எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. "அது தாள்ல இருக்கா?"

தலைவி நிமிர்ந்தாள்.

"இப்ப சொன்னது உங்க தாள்ல இருக்கா, சென்யோரா?" என்று தலைவி கேட்டாள். வேறு வழியில்லை என்பது அவள் குரலில் தெரிந்தது.

காசில்தா தாளைப் பார்த்தாள். உண்மையாகவே தேடினாள். முன் பக்கம் புரட்டினாள், பின் பக்கம் புரட்டினாள்.

"இல்லை."

"தெரிஞ்சா சேர்த்தீங்க?"

"இல்லைங்க. வாய் தானா சொல்லிச்சு."

"நம்புறேன்" என்றாள் தோஞா லியோனோர். "ஆனா அதை நான் எப்படிக் குறிப்புல எழுதுறது? எழுதாததைப் படிச்சா தாள் செல்லாது. இவங்க எல்லாரும் கேட்டுட்டாங்க."

எல்லாரும் கேட்டிருந்தார்கள். காசில்தா தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

நடைக்கூடத்தில் அராசெலி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டிருந்தாள். "எட்டு வருஷம், காசில்தா. எட்டு வருஷமா என் பிள்ளைங்க என் முதுகைத்தான் பார்த்து வளர்ந்திருக்குதுங்க. ஒரு இடம் குறைஞ்சாலும்..."

"நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றாள் காசில்தா. அது உண்மையா என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தாள். உண்மைதான்.

வீட்டில் எர்மினியா பருப்பு வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள். ரமிரோவும் இருந்தார். அப்பாவின் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஆக்சிஜன் மெஷினை ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"என்னாச்சு?"

"செல்லாதுன்னுட்டாங்க. எழுதாத ஒரு பத்தியைப் படிச்சிட்டேன்."

"எழுதாததை எதுக்குடி படிச்சே?"

காசில்தா ரொட்டியைப் பிய்த்தாள். "அப்பாகிட்ட எழுதினேன்னு சொல்லியிருந்தேன்."

எர்மினியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷனைப் பார்த்தாள். "அப்பாவுக்குத்தான் இங்கிலீஷே தெரியாதே" என்றாள்.

அப்போதுதான் காசில்தாவுக்கு அழுகை வந்தது. தட்டின்மேல் குனிந்துகொண்டு அழுதாள். எர்மினியா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகில் கை வைத்தாள். தடவத் தெரியவில்லை, சும்மா வைத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து ரமிரோ தொண்டையைச் செருமினார்.

"முதியோர் இல்லத்துல முதல் தேதி வரச் சொன்னாங்க" என்றார். "அங்கே இங்கிலீஷ் கிழங்க நாலு பேர் இருக்குதுங்க. என்ன கேக்குதுங்கன்னு ஒருத்தருக்கும் விளங்கலையாம். உன் படிப்பு ஒண்ணும் வீணாப் போயிடாது."

கேலியாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது. காசில்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள்.