தாடைக்கடியில் ஒரு ஆரஞ்சுத் திட்டு

அந்தத் துணிக்கடையில் ஒரு வழக்கம். கோட்டுத் துணியை வாடிக்கையாளர் மேல் போட்டுப் பார்க்க மாட்டார்கள். விற்கிறவன் தன் தோளில் போட்டு, நுனியைத் தாடைக்கடியில் இடுக்கிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பான். வந்தவர் சாய்ந்து உட்கார்ந்தபடியே தன்னை அதற்குள் கற்பனை செய்துகொள்வார். கற்பனைக்குப் பரு ஆகாது என்பது முதலாளியின் கொள்கை.

பின்கட்டில் பல வருஷமாகத் துணி கிழித்துக்கொண்டிருந்த நம்மாளுக்கு முப்பது தாண்டியும் பரு மண்டிய முகம் மட்டும் பள்ளிக்கூடத்தை விட்டு வரவில்லை. கண்ணாடி முன் நிற்கிற வேலை காலியானதும் முதலாளி கூப்பிட்டார்.

"கை சுத்தம், வாய் சுத்தம். மூஞ்சிய மட்டும் சரி பண்ணிட்டு வாப்பா. சீசனுக்குள்ள."

தோல் டாக்டரம்மா கேட்டார்: "சீக்கிரம் வேணுமா, வசதியா வேணுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும் சேர்ந்து கிடைச்சா எனக்கு இங்க என்ன வேலை?"

விளக்கு வெளிச்ச சிகிச்சைக்கு வாரம் ரெண்டு முறை வர வேண்டும், அதுவும் கடை நேரத்தில். ராத்திரிக் களிம்பு நல்லது. ஆனால் மூன்று மாசம் ஆகும், முதல் மாசம் பரு இன்னும் கூடும். மாத்திரையும் நிதானமான பேர்வழிதான். கடைசியில் வெள்ளை ஜெல்: காலையில் தடவினால் போதும், சில வாரத்தில் தெரியும். நம்மாள் மீதியைக் கேட்கவில்லை. "துணில படாம பாத்துக்குங்க" என்று டாக்டரம்மா சொன்னபோது அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

முகம் தெளிந்தது. கண்ணாடி முன் நின்றான். கருநீலம் அவனுக்கு அப்படிப் பொருந்தியது, வந்தவர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கினார்கள்.

பிறகு துணிகளில் திட்டுத் திட்டாக ஆரஞ்சு நிறம் வந்தது. முதலாளி மில்லுக்கு ஃபோன் போட்டுக் கத்தினார். "சாயம் போடுறீங்களா, டீத்தண்ணில முக்குறீங்களா?" நம்மாளும் பக்கத்தில் நின்று மில்லைத் திட்டினான். மனதாரத்தான் திட்டினான்.

மறுநாள் வீட்டில் தங்கை கறுப்புத் துண்டை அவன் மூக்கருகே நீட்டினாள். "அண்ணா, இதுல மூஞ்சி துடைச்சியா? பாரு, உன் தாடை அப்படியே பதிஞ்சிருக்கு. மாட்டி வச்சா மாலை போடலாம்."

ஜெல் டியூபைத் திருப்பிப் படித்தான்: சாயத்துணியை வெளுக்கும் என்று போட்டிருந்தது. தடவினால் துணி போச்சு. தடவாவிட்டால் முகம் போச்சு. சொன்னால் வேலையே போச்சு. கடையில் துணியை முகத்திலிருந்து தள்ளி, செத்த எலியைத் தூக்குவதுபோல் பிடித்துக் காட்டிப் பார்த்தான்.

"ஏன் தம்பி, நாறுதா?" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

ஜெல்லை நிறுத்தினான். பத்தே நாளில் நெற்றியில் பழைய நண்பர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். பதறிப்போய் மறுபடி தடவினான். அன்று மாலையே முதலாளி புதிதாகத் திட்டு விழுந்த துணியை எடுத்து அவன் தோளில் போட்டு, தாடையை அமுக்கினார். பூட்டில் சாவிபோலத் திட்டு தாடையில் பொருந்தியது.

"நீதானா அந்த மில்லு?"

வேலையை விட்டு அனுப்பவில்லை, அதுதான் மோசம். கீழ்த்தளத்தில் வெள்ளைப் பிரிவுக்குப் போட்டார். ஆஸ்பத்திரிக்கும் விடுதிக்கும் போகிற படுக்கை விரிப்புகள். வெள்ளையை வெளுக்க எந்த ஜெல்லாலும் முடியாது. வாங்க வருகிற ஆட்கள் நூலைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். அங்கே ஜன்னல் கிடையாது. அங்கேதான் அவன் முகம் பளபளவென்று ஆனது.

"மேல எப்ப சார் வரலாம்?"

"மருந்த விட்டுட்டு வா."

"விட்டா பரு வந்துரும் சார்."

"வந்தா எப்படி மேல வருவ?"

பல நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ராத்திரிக் களிம்பு துணியை வெளுக்காதாம், டாக்டரம்மாவிடமே கேட்டுக்கொண்டான். மூன்று மாசம் ஆகட்டும். முகம் கெட்டுக் கிடக்கும் முதல் மாசம் மட்டும் லீவு கேட்டான்.

"முகத்துக்கெல்லாம் லீவு குடுத்ததில்லப்பா," என்றார் முதலாளி. "கீழ எவன் பாக்கப் போறான்? இங்க இருந்துகிட்டே தடவு."

"அப்ப மூணு மாசம் கழிச்சு மேல…?"

"அங்க வேற பையனப் போட்டாச்சே. நீ இங்க செட் ஆயிட்ட."

மேலே யாரோ மணி அடித்தார்கள். நூறு தலையணை உறை கேட்டு ஒரு விடுதிக்காரர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.