வயிற்றுக்குள் ஒரு துளசி

உத்தர வீதி அனந்தபத்மநாபன் தம் ஆயுசில் பெருமாள் பிரசாதத்தை ஒருமுறைகூட வேண்டாமென்று சொன்னதில்லை. சர்க்கரை வியாதி வந்தபோதும், அக்காரவடிசில் அந்தக் கணக்கில் சேராது என்று தீர்ப்பளித்தவர். பிரசாதம் வயிற்றுக்குப் போவதில்லை, நேரே ஆத்மாவுக்குப் போகிறது என்பது அவருடைய சித்தாந்தம்.

அப்பேர்ப்பட்டவரின் வயிற்றில் ஒரு சதை வளர்ந்துவிட்டது. தில்லைநகர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹாலித் வாய்வழியே குழாயை விட்டு, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் அதை அறுத்தெடுத்து, உள்ளே புண்ணைக் குட்டிக் குட்டிக் கிளிப்புகளால் மூடினார். பார்க்க வந்தவர்களுக்குக் காட்ட ஒரு தையல்கூட இல்லையே என்று நோயாளிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்று மறுபடி குழாய் விட்டு, புண் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடியிருந்தால் கஞ்சி, பிறகு வீடு. கிளிப் விட்டிருந்தால் வயிற்றைக் கிழிக்க நேரலாம். இதைக் கேட்டதிலிருந்து மனைவி கமலவல்லிக்குக் காபிகூட இறங்கவில்லை.

அவள் மருந்துக்கடைக்குப் போன நேரத்தில், பால்ய சிநேகிதர் சேஷு தூக்கும் கையுமாக வந்து சேர்ந்தார்.

"பெருமாளை ஸேவிச்சுட்டு நேரா வரேன் ஓய். தீர்த்தம் வாங்கிக்கும்."

"பச்சைத் தண்ணி படப்படாதுன்னுட்டா, சேஷு."

"தண்ணிதானே படப்படாது? நான் என்ன குழாய்த் தண்ணியா கொண்டுவந்திருக்கேன்?"

மறுக்க முடியாத வாதம். தீர்த்தம் போயிற்று. துளசி போயிற்று. வழித்துணையாக ஒரு விரற்கடை சர்க்கரைப் பொங்கலும் போயிற்று.

சற்று நேரத்தில் நர்ஸ் பிரான்சி வந்தாள். "சார், ஏதாவது சாப்பிட்டீங்களா? குடிச்சீங்களா?"

"ஒண்ணும் இல்லேம்மா," என்றார், சத்தியசந்தராக.

தொண்டையை மரத்துப்போகச் செய்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழாயை இறக்கினார்கள். அனந்தபத்மநாபனும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்மாவில் இருக்கவேண்டிய துளசி இலை, புண்ணின் மேல் குடை பிடித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு முந்திரித் துண்டு, நிதானமாக.

"பிரான்சி, என்னம்மா இது?"

"துளசி மாதிரி இருக்கு டாக்டர்."

"வெறும் வயிறுன்னீங்களே ஐயா! கிளிப் இருக்கா, விட்டுடுச்சான்னே தெரியலையே."

சொல்ல நிறைய இருந்தது. வாய் நிறையக் குழாயும் இருந்தது.

தண்ணீரைப் பீய்ச்சினார்கள். இலை அசையவில்லை. மறுபடி பீய்ச்சினார்கள், ஓரம் மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வெளியே பெஞ்சில் காத்திருப்பவளை நினைத்தார் அவர். பெருமாளே, இந்தப் பிரசாதம் மட்டும் என்னைவிட்டுப் போகட்டும் என்று வாழ்நாளில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார்.

இலை நழுவியது. கீழே கிளிப்புகள் ஒன்றுகூட விடாமல் வரிசையாக நின்றன. இரண்டு ஓரங்களும் இளஞ்சிவப்பாகக் கூடியிருந்தன.

டாக்டர் வெளியே வந்து, "நல்லா மூடியிருக்கும்மா, கஞ்சி குடுக்கலாம்," என்றார். கமலவல்லி கைகூப்பினாள்.

"பார்த்தேளா மன்னி, தீர்த்த மகிமை!" என்றார் சேஷு.

"அதுல வந்த இலையைத் தள்ளத்தான் சார் இவ்வளவு நேரம்," என்றார் டாக்டர்.

கமலவல்லி சேஷுவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையிலிருந்த தூக்கை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இவர் ஆத்துக்கு வர வரைக்கும் நீங்க வெறுங்கையோட வந்தாப் போறும்."

தொண்டை மரப்பு தெளிந்ததும் உப்பில்லாக் கஞ்சி வந்தது. முதல் ஸ்பூனை விழுங்கிவிட்டு அனந்தபத்மநாபன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கமலவல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தார்.