கஸ்தூரி கழற்றாத படம்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தாள் கஸ்தூரி. பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் மனுக் கொடுக்க வருகிறவர்கள் அவளிடம்தான் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். "நிமிந்து உக்காருங்க, காது தெரியணும், சிரிக்காதீங்க." காலை முதல் இதையே சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிடும். ஸ்டூடியோ அவள் புருஷன் ஆரம்பித்தது. அவன் மாரடைப்பில் போனபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் விற்றுவிடச் சொன்னார்கள். அவள் விற்கவில்லை. அதை நடத்தித்தான் ஒரே பெண் ஆர்த்தியைப் படிக்கவைத்து, வங்கி வேலைக்கும் அனுப்பினாள்.

ஆர்த்தி வேலைக்குச் சேர்ந்த வருஷம், சென்னைப் போட்டோகிராபர் குழு ஒன்று ஆந்திராவில் கண்டிக்கோட்டாவுக்கு ஆள் சேர்ப்பதைப் போனில் பார்த்துத் கஸ்தூரியும் பெயர் கொடுத்தாள். செம்பாறை இரண்டாகப் பிளந்து நிற்க, அதல பாதாளத்தில் பெண்ணாறு வளைந்து போகும் இடம் அது. விளிம்பில் கேமராவை நிறுத்திவிட்டு வெயில் சாயக் காத்திருந்தாள். அங்கே யாரையும் நிமிரச் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்கள் என்று யாரும் கேட்கப்போவதுமில்லை. பாறை சிவந்து, பழுத்து, மெல்லக் கறுத்தது. விரல் பொத்தானில் இருந்ததையே மறந்து நின்றாள்.

அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அடுத்த குளிர்காலத்தில் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போனாள். காற்று மணலை வரிவரியாகக் கோதிவிட்டிருந்தது. அந்த வரிகளை மிதிக்காமல் தூரமாகச் சுற்றி நடந்து, எதிர்மேட்டில் மண்டிபோட்டு எடுத்தாள். லென்ஸுக்குள் மணல் புகுந்து, திருகும்போதெல்லாம் நறநறத்தது. அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டு வீட்டு ஹாலில் மாட்டினாள்.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை மண்டி வைத்திருந்த அவள் அண்ணன் அப்பாதுரைக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"உலகமே கிரிவலம்னு இந்த மலையப் பாக்க நம்மூருக்கு வருது. நீ இன்னாடான்னா வெறும் மண்ணப் பாக்க ரயிலேறிப் போற."

"மலையத் தினமும்தான் பாக்கறேண்ணா. பாக்காததப் பாக்கப் போறேன். அதுல இன்னா தப்பு?"

"பொம்பள தனியா போறது தப்பில்லியா?"

"தனியா எங்க போறேன்? ஒரு கும்பலே வருது."

"அது இன்னும் ஜாஸ்தி தப்பு!"

வைகாசியில் ஆர்த்திக்கு ஆரணியிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்ததும் அப்பாதுரைதான். பையன் திருமலை, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். ஆர்த்தி அவனோடு போனில் பேசிப் பார்த்தாள், அவளுக்குப் பிடித்திருந்தது. அவர்கள் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாதுரை முன்னதாகவே வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பாலைவனப் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்குப் பின்னால் செருகினார்.

"அவங்க போனதும் மாட்டிக்க" என்றார்.

கஸ்தூரி கட்டிலுக்குப் பின்னாலிருந்து படத்தை இழுத்தாள். அதே ஸ்டூலில் ஏறி அதே ஆணியில் படத்தைத் திரும்ப மாட்டினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறங்கினாள்.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா தனம்தான் பேச்செடுத்தார். "இந்தப் படம் கடையில வாங்கினதுங்களா?"

"நான் எடுத்ததுங்க. ராஜஸ்தான்ல."

"யார்கூட போனீங்க?"

"என்னை மாதிரி போட்டோ எடுக்கறவங்ககூட."

தனம் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குதுங்க. ஆனா சம்பந்தியம்மா ஊர் ஊரா சுத்தறாங்கன்னு எங்க சொந்தத்துல ஒரு பேச்சு வரக்கூடாது. இனிமே போகமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா, நல்ல நாள் பாத்துத் தட்டு மாத்திக்கலாம்."

"போகமாட்டா. அதுக்கு நான் பொறுப்பு" என்று முந்திக்கொண்டார் அப்பாதுரை.

"போவேங்க" என்றாள் கஸ்தூரி. "ஆனியில முட்டம் போறேன். கன்னியாகுமரிப் பக்கம், கடல் முழுக்கப் பாறை. அப்பதான் அலை உசரமா வரும். உங்ககிட்ட பொய் சொல்லிப் பொண்ணக் குடுக்க எனக்கு மனசு வரலீங்க."

யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். அப்பாதுரை சாப்பிடாமலே செருப்பை மாட்டினார். "பெத்த பொண்ணு வாழ்க்கையவிட உனுக்கு மண்ணு பெருசாப் பூட்ச்சு" என்றார் வாசலில் நின்று. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தியவர்தான், இன்றுவரை தங்கை வீட்டுப் படி ஏறவில்லை.

அண்ணன் கோபம் அவளுக்குப் பழகியது. மகள் கோபம்தான் சுட்டது.

"சும்மா ஒரு தடவ சரின்னு தலையாட்டியிருக்கக் கூடாதாம்மா? அப்புறம் நீ போனா யாரு கேக்கப் போறாங்க?"

"ஒரு தடவ ஆட்டினா அதோட வுட மாட்டாங்கடி."

ஆர்த்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கஸ்தூரி பாத்திரம் கழுவப் போனாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டாள். ஆனாலும், போகமாட்டேன் என்ற அந்தச் சொல் தனியாக நின்று சொல்லிப் பார்த்தபோதுகூட வாயில் வரவில்லை.

சில நாள் பொறுத்து ஆர்த்தியே திருமலையைக் கூப்பிட்டாள். "உங்களுக்கு இன்னா தோணுது? எங்கம்மா போறது தப்பா?"

"எனக்கு ஒண்ணுமில்ல ஆர்த்தி. கல்யாணம் ஆகறவரைக்கும் எங்கம்மா சொல்றபடி இருந்துட்டா போதும். அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

"அத அப்ப பாக்கலாமே" என்றான் அவன். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். அம்மாவிடம் உடனே சொல்லவில்லை. கண் வீங்க அழுது, எழுந்து, வேலைக்குப் போய்வந்து, மறுநாள் சாப்பிடும்போதுதான் சொன்னாள். கூடவே, "முட்டத்துக்கு நானும் வரேன். இங்க இருந்தா மாமா பேங்குக்கே வந்து என் உசுர எடுப்பாரு" என்றாள்.

முட்டத்தில் அவர்கள் இறங்கியபோது வானம் ஈயம்போல் கனத்துக் கிடந்தது. மழை பிடித்ததும் குழுவில் மற்றவர்கள் வேனுக்குத் திரும்பினார்கள். "மேடம், வாங்க, லைட் போயிடுச்சு!" என்று கத்தினார் குழுத் தலைவர். கஸ்தூரி கையை மட்டும் ஆட்டினாள். அலை எட்டாத மேட்டுப் பாறையில் கேமராவை ஊன்றிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஆர்த்தி, ஒரு கையால் குடையை அம்மா தலைக்குமேல் பிடித்தபடி, மறு கையால் நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

கறுத்த பாறையில் கடல் வந்து மோதி, பனைமர உயரத்துக்கு எழும்பிச் சிதறியது. சாரல் இருவர் முகத்திலும் அடித்தது.

"கெடச்சிதாம்மா?"

"இல்ல" என்றாள் கஸ்தூரி, லென்ஸைத் துடைத்தபடி. "இதவிடப் பெருசு வரும். குடைய நல்லாப் புடி."